எங்கள் தெரு எதிர்காலத்தைத் திட்டித் தீர்த்த கதை

எங்கள் கிணற்றுக்கு நடுவே ஒரு சுவர் போகிறது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டபோது வீட்டைப் பிரித்தார்கள், தோட்டத்தைப் பிரித்தார்கள், முருங்கை மரத்தைக்கூடக் கிளை கிளையாகப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால் அதன் வாய்க்குக் குறுக்கே கல் தூக்கிப் போட்டு, மேலே சுவர் எழுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் ராட்டினம், அந்தப் பக்கம் அவர்கள் ராட்டினம். கீழே இரண்டு வாளியும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். மேலே நானும் என் ஓரகத்தியும் இடித்துக்கொள்வோம்.

ஓரகத்தி என்றால் அந்த அண்ணனின் மனைவி. எனக்கு மூத்தவள். மூத்தவள் என்பதால் திட்டும்போதுகூட அக்கா என்று கூப்பிட்டுத்தான் திட்டுவேன். மரியாதையில் நான் குறை வைத்ததே இல்லை. அவள் என்னை அடியே என்பாள். அது அவளுக்கு உரிமை. இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, சண்டை மட்டும்தான். சண்டையிலேயே ஊர்ச் செய்தி, யார் வீட்டில் பெண் உட்கார்ந்திருக்கிறது, எந்தக் கடையில் புளி நன்றாக இருக்கிறது, எல்லாம் பரிமாறிக்கொள்வோம்.

எனக்கு எழுத்து வராது, வாய் வரும். நான் பேசப் பேச பேத்தி எழுதுகிறாள். என் பேச்சையெல்லாம் புத்தகப் பேச்சாக இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். வைக்கட்டும். அவரவர் வாயில் வந்ததை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். அதிலும் திட்டுகளில் கை வைத்தால் இரவுச் சோறு கிடையாது.

ஆரணியில் பட்டு எப்படியோ அப்படித்தான் எங்கள் தெருவில் அந்தக் கிணற்றுத் தண்ணீர். பக்கத்துத் தெருக்களில் எல்லாம் உப்பு கரித்தபோதும் எங்கள் கிணறு இளநீராகத்தான் இருந்தது. தெரு முழுக்க அதில்தான் குடித்தது. பருப்பு சீக்கிரம் வேகும். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் காபியைக் குடித்துவிட்டுப் பெண் சுமாராக இருந்தாலும் சரி என்று போய்விடுவார்கள். இப்படிக் கட்டிப் போன பெண்கள் எங்கள் தெருவில் சிலபேர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் பேரன்கள் படித்திருக்கிறார்கள்.

செய்யாறு பக்கம் பெரிய கம்பெனிகள் வரப்போகின்றன என்று டீக்கடையில் பேச்சு ஆரம்பித்த வருஷங்கள் அவை. அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. ஒரு மேடம், ஒரு தாடிக்காரர். இன்னும் ஒரு தலைமுறை கழித்து ஆரணியும் சுற்றியிருக்கிற கிராமங்களும் எப்படியிருக்கும், அதற்கு இன்றைக்கே என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று ஜனங்களையே கேட்டுத் திட்டம் போடப் போவதாகச் சொன்னார்கள். ஜனங்களையே கேட்பது என்பது எங்களுக்குப் புதுசு. அதுவரை யாராவது வந்து கேட்டது ஓட்டு ஒன்றுதான்.

கூட்டம் பஜனைக் கோயில் மண்டபத்தில். எங்கள் தெரு நெசவாளர் சங்கத்துக்குத் தலைவர் என் மூத்தார், அதாவது சுவருக்கு அந்தப் பக்கத்து அண்ணன். தலைவர் என்றால் பெரிய வேலை இல்லை. சால்வை போட வருகிறவர்களுக்குத் தோள் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவரே போய் மண்டபத்தைப் பெருக்கச் சொல்லி, பெண்களையும் கட்டாயம் வரச் சொன்னார். மேடம் அப்படிக் கேட்டாளாம். தறிக்கு நூல் தார் சுற்றுகிற வேலையை விட்டுவிட்டு நாங்கள் எல்லாம் போனோம். போண்டா கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதையும் மறைப்பானேன்.

மேடம் சின்ன உருவம். முடியைக் கத்தரித்திருந்தாள். பேச்சு மட்டும் நம்ம வேலூர்ப் பக்கம். கொடி கட்டி, துணி கிளிப் போட்டு நாலு பெரிய தாள் தொங்கவிட்டாள். எங்களைக் கேட்டாள், இந்த ஊரின் தலையெழுத்தை இரண்டே சமாசாரம்தான் முடிவு செய்யும் என்றால் அது எது எது என்று. கொஞ்ச நேரம் கசமுசா. அப்புறம் எல்லோரும் ஒன்றாகச் சொன்னது, பட்டு, தண்ணீர். சரி, பட்டு நிற்கலாம், போகலாம். தண்ணீர் நிற்கலாம், போகலாம். அப்படியென்றால் நாலு விதமான ஊர் வருகிறது இல்லையா என்றாள். இரண்டும் நிற்கிற ஊர் ஒரு தாள். பட்டு மட்டும் நிற்கிற ஊர் ஒன்று. தண்ணீர் மட்டும் நிற்கிற ஊர் ஒன்று. இரண்டும் போன ஊர் ஒன்று. எது வரும் என்று ஜோசியம் சொல்ல வேண்டாம். நாலிலும் வாழ்ந்து பார்த்ததுபோலச் சொல்லுங்கள். எந்த முடிவு நாலு ஊரிலும் தாக்குப் பிடிக்கிறதோ அதுதான் நல்ல முடிவு. இதுதான் அவள் சொன்னது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆர்டர் இல்லாத மாதத்தில் நாங்கள் என்ன செய்வோம்? கட்டப்போகிற பெண் கறுப்போ சிவப்போ, ஒல்லியோ தடியோ, தெரியாது. அதனால் அரக்கு உடல், பச்சைக் கரை. அது எந்தப் பெண்ணுக்கும் நிற்கும். ரோஜா நிறத்தில் போட்டுவிட்டுச் சிவத்த பெண்ணாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார மாட்டோம். ஆக மேடம் கேட்டது அரக்குச் சேலை. இதைச் சத்தமாகச் சொன்னேன். மேடத்துக்கு முகமெல்லாம் பல். தாடிக்காரர் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

விளங்கி என்ன பிரயோசனம். நாலு தாளில் முதல் தாள் மடமடவென்று நிரம்பியது. ஏரி வழிகிறது, ஆற்றில் தண்ணீர், வீட்டுக்கு இரண்டு தறி, பெண்களுக்கெல்லாம் கல்யாணம், பஜனைக் கோயிலுக்கு மைக் செட். இரண்டாவது தாளுக்குப் போனோம். தண்ணீர் இல்லாத ஊர். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் ஜனத்தில் தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏறியிருக்கும்போது கெட்ட வார்த்தை வாயில் வரக் கூடாது. கெட்ட வார்த்தை என்றால் நீங்கள் நினைப்பது இல்லை, அது தாராளமாக வரும். அபசகுனமான வார்த்தை. இழை அறுந்தால்கூட அறுந்தது என்று சொல்ல மாட்டோம். விட்டிருக்கிறது என்போம். தறி நின்றது என்று சொல்லவே மாட்டோம். தறி இளைப்பாறுகிறது. பாவு ஏறாத தறி எங்கள் தெருவில் ஒன்றாவது இருக்குமா? ஆக வருஷம் பூராவும் வாய்க்குப் பூட்டு. இந்த லட்சணத்தில் மேடம் வந்து, தறியே இல்லாத ஊரைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள் என்றால் யார் சொல்வார்கள்?

எங்களைப் பேச வைக்கலாம் என்று தாடிக்காரர் தானே ஆரம்பித்தார். சும்மா ஒரு பேச்சுக்கு, தொடர்ந்து அஞ்சு வருஷம் மழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம் என்றார். உத்தரத்தில் ஒரு பல்லி, நச் நச் என்றது.

அவ்வளவுதான். பல்லி சொன்னால் பலிக்கும். மண்டபம் முழுக்க விரலால் தரையைத் தட்டுகிறது, கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. ஒரு கிழவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"வாயக் கழுவிக்கோங்க சார். கொப்பளிச்சி வெளிய துப்புங்க. கோயிலுக்கு உள்ள துப்பாதீங்க."

பாவம், போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார். தாடியெல்லாம் தண்ணீர். அதற்குப் பிறகு நாலு தாளிலும் ஒரே ஊர்தான். தண்ணீர் இல்லாத ஊரில் ஏரி வழிந்தது. பட்டு போன ஊரில் வீட்டுக்கு மூன்று தறி ஓடியது. இரண்டும் போன ஊர்தான் இருப்பதிலேயே செழிப்பு. அங்கே கோயில் கோபுரத்துக்குத் தங்கத் தகடு போட்டார்கள்.

போண்டா நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மேடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிணற்றடியில் நின்று குடித்தாள். நடுச்சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, பொதுச் சாயப்பட்டறை எங்க கட்டுறதுன்னுதான் இந்தத் திட்டத்துல மொத முடிவு. உங்க சங்கம் தெருவுக்குப் பின்னாடி இருக்குற மேட்டக் கேக்குது. நாலு தாள்லயும் மழ கொட்டுது, ஏரி வழியுது. அப்ப சாயத்தண்ணிய மழ அடிச்சிகினு போயிடும், மேடே சரின்னு ஆவுது. எனக்கு மனசு ஒப்பல. ஆனா நானா எழுதக் கூடாது. நீங்க சொன்னாதான் எழுத முடியும்."

அடுத்த வாரம் ஒரு கூட்டம், அதுவே கடைசி, அதற்குள் ஒருவராவது கெட்டதைச் சொன்னால் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடு என்பது எங்கள் கிணற்றுக்கு மேலே. அங்கே விழுகிற தண்ணீர் எங்கே இறங்கும்? என் அம்மா வீட்டு ஊரில் இதைப் பார்த்திருக்கிறேன். குடிக்கிற கிணற்றுக்குப் பக்கத்தில் சாயம் போட்டார்கள். மழை இருந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கோடை சேர்ந்தாற்போல வந்தது. ஒரு நாள் என் அம்மா ஊற்றிய ரசம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. சோறு ரோஜா நிறம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம், கலர் சோறு கலர் சோறு என்று சாப்பிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அந்த ஊரில் இன்றைக்கும் தண்ணீர் வண்டியில்தான் வருகிறது.

எங்கள் சங்கத்துக்கு இதெல்லாம் தோன்றவில்லையா என்றால், மேடு கூப்பிடு தூரம். சாயம் போட்ட பட்டை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். மேடம் காட்டிய இன்னொரு இடம், செய்யாறு ரோட்டில் இருக்கிற பாறைப் புறம்போக்கு, சைக்கிளில் போக வேண்டும். அங்கே குடிக்கிற கிணறு எதுவும் கிடையாது. சாயத்தண்ணீரைத் தொட்டி கட்டிக் காயவிடலாம் என்று மேடமே சொன்னாள். ஆனால் சைக்கிள் மிதிக்க வேண்டுமே. எங்கள் ஆண்பிள்ளைகளுக்குத் தறியில் உட்கார்ந்து மிதிக்கத்தான் கால், வெளியே மிதிக்க இல்லை.

அன்றைக்குத் தறியில் இருந்த என் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன்.

"இன்னாங்க, மேட்டுல பட்டறை வந்தா நம்ம கெணறு..."

"வாய மூடு. முகூர்த்தப் பாவு ஏறிக்கீது."

"நான் இன்னும் சொல்லவே இல்லயே."

"சொல்ல வந்தியே, அதுவே போதும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய இடத்துக் கல்யாணப் பட்டு அது. எனக்குமே பயம்தான். நாத்திகம் பேசுகிற ஆள் இல்லை நான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். பெருமாளுக்குக் காது அவ்வளவு கூர்மை என்றால், ராட்டினத்துக்குப் புதுக் கயிறு வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது மட்டும் ஏன் கேட்பதில்லை? நல்லதைச் சொன்னால் மந்தம், கெட்டதைச் சொன்னால் படு சுறுசுறுப்பு. இது என்ன சாமி, என் மாமியார் மாதிரி.

மறுநாள் காலை கிணற்றடி. வழக்கம்போல வாளிகள் இடித்துக்கொண்டன. வழக்கம்போல ஓரகத்தி ஆரம்பித்தாள். தண்ணீரைக் கலக்குகிறேனாம். நானும் பதில் சொன்னேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்ணை வாரி இந்தப் பக்கம் எறிந்து சொன்னாள்.

"அடியே, உன் தறி முடங்கிப் போவ. உன் தறிக்குழியில கோழி முட்டை வெக்க."

பதிலுக்கு வாயைத் திறந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். தறி முடங்கிப் போக. இவள் வீட்டிலும்தான் பாவு ஏறியிருக்கிறது. மண்டபத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தவள், இங்கே தறிக்குழியில் கோழியே விட்டுவிட்டாள். ஏனென்றால் அது சாபம். சாபம் அடுத்தவள் தலையில் விழுவது. தனக்கு ஒட்டாது. எங்கள் தெருவில் நல்ல நாளில் உச்சரிக்க முடியாத வார்த்தை எதுவாக இருந்தாலும் சண்டையில் சரளமாக வரும். மேடம் கேட்ட மூன்று ஊரும் எங்கள் பெண்கள் நாக்கில் தயாராக இருக்கின்றன. கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இதை ஓரகத்தியிடம் எப்படிச் சொல்வது? பேச்சு வார்த்தை கிடையாதே. அதனால் சண்டையிலேயே சொன்னேன்.

"அக்கா, இங்க கெணத்தடியில வாய் கிழிய பேசுறியே, தைரியம் இருந்தா அடுத்த வாரம் மண்டபத்துல மேடம் எதுக்க வந்து திட்டுக்கா. ஊரு எழுதிகினு போவும். மேட்டுல பட்டறை வந்து உன் பானையில ஊதாச் சோறு பொங்குறதுக்கு முன்னால வந்து திட்டு."

அந்தப் பக்கம் ராட்டினம் நின்றுவிட்டது. என் ஓரகத்திக்கு வாய் எவ்வளவோ அவ்வளவு மூளையும் உண்டு. அதை நான் எங்கும் ஒத்துக்கொண்டதில்லை. இங்கேதான் முதல் தடவை.

"எந்தப் பக்கம் பாய் போட்டு உக்காருவ?" என்று கேட்டாள்.

"வடக்க."

"அப்ப நான் தெக்க."

அந்த வாரம் தெருப் பெண்களுக்குச் சேதி பரவிய விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மண்டபத்தில் சண்டை போடலாமாம், அதற்கு போண்டாவும் உண்டாம். வீட்டுக்கு வீடு பழைய கணக்கையெல்லாம் தேடி எடுத்தார்கள். கல்யாணத்தில் பந்தியில் கூப்பிடாதது, வாங்கிய உலக்கையைத் திருப்பித் தராதது, மருமகளைக் கறுப்பு என்று சொன்னது. சண்டையே இல்லாத இரண்டு சம்பந்திகள் மட்டும் பாவம், எதை வைத்து ஆரம்பிப்பது என்று என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள்.

கடைசிக் கூட்டம். வடக்கே பாதி, தெற்கே பாதி. மேடம் தாள்களை மாட்டி முடிக்கவில்லை. என் பாயின் ஓரத்தில் ஓரகத்தி காலை வைத்தாள். போதுமே.

முதல் கொஞ்ச நேரம் மேடம் பயந்தே போய்விட்டாள். விலக்கிவிட எழுந்தாள். நான் கண்ணைக் காட்டினேன். உட்கார்ந்து கேட்டாள். கேட்கக் கேட்க முகம் மாறியது. தாடிக்காரரைத் தோளில் தட்டினாள். அவர் பேனாவை எடுத்தார்.

எங்கள் தெரு அன்றைக்குப் பேசியதைப்போல எப்போதும் பேசியதில்லை. அத்தனை பேர் திட்டையும் என் வாயாலேயே சொல்கிறேன். உன் ஏரி வெடித்து அதில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட. உன் மகன் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு போய், பொங்கலுக்குக்கூட லீவு இல்லாமல் தவிக்க. உன் மருமகளுக்குத் தறியில் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று தெரியாமல் போக. நீ மாதக் கணக்கில் நெய்த சேலையைப் பவர்லூமில் ஒரே நாளில் நெய்து, பிளாட்பாரத்தில் கூவி விற்க. உன் மாமனார் நிலத்தில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, பிளாட் பிளாட்டாக விற்க. ஒருத்தி, உன் பேரன் பட்டு என்றால் என்ன ஆயா என்று கேட்க என்றாள். பிறகு அதற்கும் பதில் வந்தது.

"சார், பட்டு போன தாள்ல போடுங்க அத," என்று தெற்கிலிருந்து ஒருத்தி கைகாட்டினாள். திட்டுகிறவர்களே தாளையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தாடிக்காரர், கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள், ஒவ்வொருத்தராகத் திட்டுங்கள் என்று கும்பிட்டார்.

மூத்தார் எழுந்து நின்று கையைக் காலை ஆட்டினார்.

"ஏம்மா, வீட்டுல பாவு ஏறிக்கீதுன்னு யாருக்காவது நெனப்பு கீதா?"

"நாங்க அவளுக்கு சொல்லிகினு இருக்கோம் மாமா, உங்களுக்கு இல்ல. நீங்க உக்காருங்க," என்றேன்.

சட்டப்படி சரிதானே.

மூன்று தாளும் நிரம்பிவிட்டன. ஆனால் எதற்காக இத்தனை பாடு பட்டோமோ அது இன்னும் வரவில்லை. கிணறு. மேடம் என்னைப் பார்க்கிறாள். நான் ஓரகத்தியைப் பார்க்கிறேன். அப்போதுதான் உறைத்தது. மற்றதெல்லாம் அடுத்தவள் தறி, அடுத்தவள் மகன், அடுத்தவள் நிலம். கிணறு மட்டும் அப்படி இல்லை. தெரு முழுக்கக் குடிக்கிற கிணறு. அதை யார் திட்டினாலும் தன் தலையிலேயே விழும். வடக்கும் தெற்கும் பேச்சு நின்று போய், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள். போண்டாத் தட்டு வந்துவிட்டது. கூட்டம் முடிகிற நேரம். மேட்டைக் கேட்டு எழுதிய சங்கத் தீர்மானத்தை மூத்தார் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

ஓரகத்தி என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"அடியே, மழை இல்லாத காலத்துல மேட்டுச் சாயம் எறங்கி, உன் பக்கத்துத் தண்ணி மட்டும் ஊதாவா போவ."

உன் பக்கத்துத் தண்ணீர் மட்டுமாம். நடுவில் சுவர் இருக்கிறது அல்லவா, அந்த நினைப்பு. அவ்வளவு கெட்டிக்காரிக்கும் அதற்கு மேல் துணிச்சல் வரவில்லை. எனக்கும் வரவில்லைதான். முகூர்த்தப் பாவு கண் முன்னால் வந்தது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் பயம் எங்கே நிற்கிறது.

"கெணத்துக்கு ஏதுக்கா பக்கம்? செவுரு மேலதான கீது, தண்ணியிலயா கீது? போனா உனக்கும் போவும், எனக்கும் போவும், தெருவுக்கே போவும். எல்லாரும் பந்தியில உக்காந்து ஊதாச் சோறு துன்னலாம் வா."

சொல்லி முடிக்கவில்லை. உத்தரத்தில் நச் நச்.

அதே பல்லிதான். பெரிய அதிகாரி மாதிரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. தரையைத் தட்டக்கூட யாருக்கும் கை எழவில்லை. செம்பும் தண்ணீருமாகக் கிழவி பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொப்பளித்தால் போகிற வார்த்தையா இது? ஆள் சொன்னதைப் பல்லி ஒத்துக்கொண்டாகிவிட்டது. இனி மேட்டில் பட்டறை வந்தால் தெருவுக்கு ஊதாச் சோறு நிச்சயம்.

மூத்தார் கையில் தீர்மானத்தோடு நின்றவர் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் உத்தரத்தைப் பார்த்தார். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மேடம், பாறைப் பக்கமே போட்டுடுங்க. சைக்கிள்ல போய்க்கிறோம்."

ஆண்கள் பக்கம் ஒரு எதிர்ப்பும் இல்லை. பல்லியை எதிர்த்து ஓட்டுப் போட யாருக்குத் தைரியம்? என் வீட்டுக்காரரும் கை தூக்கினார். இரண்டு கையையும் தூக்கினார்.

மேடம் ஒவ்வொரு தாளாகப் போய்ப் பார்த்தாள். மழை இருக்கிற ஊரிலும் பாறை சரி, இல்லாத ஊரிலும் சரி. பட்டு நின்றாலும் சரி, போனாலும் குடிக்கத் தண்ணீர் இருக்கும். அரக்குச் சேலை என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பச்சைக் கரை என்றேன்.

அப்புறம் இத்தனை சாபத்தையும் கழிக்க வேண்டுமே. மிளகாய், உப்பு, தெருமண் எடுத்து எல்லோரையும் கிழக்கு பார்த்து உட்காரவைத்துச் சுற்றிப் போட்டோம். ஓரகத்திக்கு நான் சுற்றினேன், எனக்கு அவள் சுற்றினாள். மேடமும் தாடிக்காரரும்கூட உட்கார்ந்தார்கள், எழுதியவர்களுக்கும் தோஷம் உண்டே. நெருப்பில் போட்ட மிளகாய் நெடியில் தெருவே இருமியது. கண்ணில் தண்ணீர் வழிய மேடம் சிரித்தாள். முகூர்த்தப் பாவு ஒரு இழை விடாமல் நெய்து முடிந்தது. அந்த மாதிரி ஒரு பட்டு என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு நெய்ததில்லை. பெருமாளுக்குக் காது மந்தம் என்று அன்றைக்கே எனக்கு உறுதியாகிவிட்டது. நல்லதாகப் போயிற்று.

திட்டியதெல்லாம் என்ன ஆயிற்று என்று பேத்தி கேட்கிறாள். கொஞ்சம் கொஞ்சம் எல்லாமே வந்தது. கம்பெனி பஸ் வந்தது. தெருமுனையில் விடியற்காலை ஹாரன் அடிக்கும், பையன்கள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடுவார்கள். ஓரகத்தி மகனும் அதில்தான் போனான், பொங்கலுக்கு லீவு கிடைத்தது. பவர்லூம் வந்தது. எங்கள் தெருவில் சில தறிகள் இளைப்பாறுகின்றன. என் தறிக்குழியில் கோழி முட்டை வைக்கவில்லை, பூனை குட்டி போட்டது. மழை இல்லாத கோடைகளும் சேர்ந்தாற்போல வந்தன. கிணறு அடிமட்டத்துக்குப் போய், வாளி கல்லில் இடித்தது. பட்டறை பாறையில்தான் இருந்தது. அந்தக் கோடையில் எங்கள் ஆண்பிள்ளைகள் ஈரப் பட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறங்கி, பேஜார் பேஜார் என்று திட்டிக்கொண்டே கிணற்றடிக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். அடிமட்டத்துத் தண்ணீர்தான். கண்ணாடி மாதிரி இருக்கும்.

மூத்தார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மண்டபத்துக்கு வெள்ளையடித்தபோது பல்லி இருக்கிற உத்தரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார், இன்றைக்கும் அது கறுப்பாகத்தான் இருக்கிறது.

இன்று காலையில்கூட வாளிகள் இடித்துக்கொண்டன.

"அடியே, எனக்கு முன்னால நீ போவ."

"போறேன்க்கா. இந்த வாளிய தூக்கிட்டு போறேன். கலக்காத."

அந்தப் பக்கம் ராட்டினம் கிறீச் என்றது. தண்ணீரை மொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு அவள் பதில் தேடிக்கொண்டிருந்தாள். நானும் குடித்தேன்.